ஞாயிறு மாலைக்கு ஒரு படம்: நான்கு வீடுகளில் எதற்குள் முதலில் நுழைவது?

உலகப் படங்கள் பார்க்க ஆசை, எதில் தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நூறு படங்களின் பட்டியலை நீட்டுவது நம் வழக்கம். கேட்டவர் அதைப் பத்திரமாகச் சேமித்துக்கொள்வார். படம் மட்டும் பார்க்க மாட்டார். அவரிடம் இருப்பது ஒரு ஞாயிறு மாலை, இரண்டே கால் மணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையிழக்கக் காத்திருக்கும் குடும்பம். அவருக்குத் தேவை ஒரே ஒரு பெயர்.

அந்த ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க நான்கு படங்களை எடுத்துக்கொள்கிறேன். ஈரானிலிருந்து அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011), ஜப்பானிலிருந்து ஹிரோகசு கோரே-எடாவின் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ (2018), மெக்சிகோவிலிருந்து அல்ஃபோன்சோ குவாரோனின் ‘ரோமா’ (2018), தென்கொரியாவிலிருந்து போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ (2019). நான்கும் ஒரு வீட்டைச் சுற்றி நடப்பவை. யார் வேலை செய்கிறார்கள், யார் சம்பளம் கொடுக்கிறார்கள், யார் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள் என்பதுதான் நான்கிலும் கதை. வீட்டு வேலைக்கு ஆள் வைப்பவர்களும் அந்த வேலைக்குப் போகிறவர்களும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ஊர்க்காரர்கள் நாம். இந்தப் படங்களுக்கு நமக்கு உரை எழுதத் தேவையில்லை.

விருதை வைத்து முடிவு செய்யலாமே என்றால், அது நடக்காது. ‘எ செபரேஷன்’ பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. ‘ஷாப்லிஃப்டர்ஸ்’, ‘பாரசைட்’ இரண்டும் கான் விழாவில் அடுத்தடுத்த ஆண்டுகளில் தங்கப் பனை வாங்கின. ‘ரோமா’வுக்கு வெனிஸின் தங்கச் சிங்கம். சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் 2019-இல் ‘ரோமா’விடம் தோற்றது ‘ஷாப்லிஃப்டர்ஸ்’. மற்ற மூன்றும் ஆஸ்கர் வென்றவை. ஆங்கிலம் அல்லாத மொழியில் எடுக்கப்பட்டு ‘சிறந்த படம்’ என்ற ஆஸ்கரையே வென்ற முதல் படம் ‘பாரசைட்’. ஆக, எல்லோரும் முதல் வகுப்பில் தேறியவர்கள். வேறு அளவுகோல் வேண்டும்.

## எதை வைத்து அளப்பது?

என் முதல் அளவுகோல், படம் நம்மை எங்கே உட்கார வைக்கிறது என்பது. கதை எல்லாப் படத்திலும் இருக்கிறது. நல்ல நடிப்பும் அழகான ஒளிப்பதிவும் சுமாரான படங்களுக்கும் வாய்த்துவிடுகின்றன. பெரிய படங்களில் நான் திரும்பத் திரும்பக் காண்பது வேறு. பார்ப்பவர் எந்த இடத்திலிருந்து பார்க்கிறார், அங்கிருந்து அவருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை இயக்குநர் முதலிலேயே தீர்மானித்துவிடுகிறார். அந்த இடம் பெரும்பாலும் நமக்குச் சங்கடமானதாக இருக்கும். நாயகனின் தோளுக்குப் பின்னால் நின்று கைதட்டியே பழகிய நமக்கு அந்தச் சங்கடம் புதிது.

இரண்டாவது, கதை தெரிந்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்பது. முடிவு தெரிந்ததும் செத்துப்போகும் படத்துக்கு ஒரு மாலையைக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அதைப் பெரிய படம் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, சந்தாவில் சேராத செலவுகள். சப்டைட்டில் படிக்கும் உழைப்பு, சின்னத் திரையில் போகும் நட்டம், மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று வரும் படுக்கைக் காட்சி, படம் முடிந்த பிறகு மனத்தில் தங்கிவிடும் பாரம். பரிந்துரைப்பவர்கள் இவற்றைச் சொல்வதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்பது பார்த்தவருக்குத்தான் தெரியும்.

| | எ செபரேஷன் | ஷாப்லிஃப்டர்ஸ் | ரோமா | பாரசைட் |
|---|---|---|---|---|
| நீளம் (நிமிடம்) | 123 | 121 | 135 | 132 |
| மொழி | பாரசீகம் | ஜப்பானியம் | ஸ்பானியம், மிஷ்டெக் | கொரியம் |
| சப்டைட்டில் சுமை | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு | நடுத்தரம் |
| சின்னத் திரையில் நட்டம் | குறைவு | குறைவு | மிக அதிகம் | ஓரளவு |
| கதை முன்பே தெரிந்தால் | கொஞ்சம் நட்டம் | ஓரளவு நட்டம் | நட்டமே இல்லை | முதல் முறைக்குப் பெரிய நட்டம் |
| பெரியவர்கள், பிள்ளைகளுடன் | பார்க்கலாம் | சில காட்சிகளில் கூச்சம் | ஒரு நிர்வாணக் காட்சி, ஒரு கொடிய பிரசவக் காட்சி | ஒரு நெருக்கமான காட்சி, இறுதியில் ரத்தம் |

## எ செபரேஷன்: நீதிபதியின் நாற்காலி

முதல் காட்சியில் கணவனும் மனைவியும் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே இருக்கும் நீதிபதியின் குரல் மட்டும் கேட்கிறது, முகம் காட்டப்படுவதில்லை. அவருடைய நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். மகளின் எதிர்காலத்துக்காக நாட்டை விட்டுப் போகவேண்டும் என்கிறாள் சிமின். ஞாபக மறதி நோயில் இருக்கும் அப்பாவை விட்டுவிட்டு வரமுடியாது என்கிறான் நாதர். நீ மகன் என்பதே அவருக்குத் தெரியாதே என்று அவள் கேட்க, அவர் என் அப்பா என்பது எனக்குத் தெரியுமே என்கிறான் அவன். படம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை. தீர்ப்புச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சிமின் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். கிழவரைப் பார்த்துக்கொள்ள ராசியே என்ற ஏழைப் பெண் வேலைக்கு வருகிறாள், தன் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு. வேலைக்குப் போவது அவள் கணவனுக்குத் தெரியாது. முதல் நாளே கிழவர் உடையை நனைத்துவிடுகிறார். அந்நிய ஆணைத் தொட்டுச் சுத்தம் செய்வது பாவமாகுமா என்று மார்க்க ஆலோசனை சொல்லும் எண்ணுக்குப் போன் செய்து கேட்கிறாள். இதைப் பார்த்துச் சிரிக்க வைத்திருக்கலாம், கண்ணீர் விட வைத்திருக்கலாம். ஃபர்ஹாதி இரண்டும் செய்யவில்லை. அவளுக்கு அது உண்மையான சிக்கல் என்பதோடு நகர்ந்துவிடுகிறார். பின்னால் வழக்கு முற்றி, எல்லோரும் தங்கள் வசதிக்கு உண்மையை வளைக்கும்போது, அந்த போன் அழைப்பின் கனம் நமக்குப் புரிகிறது.

ஒரு நாள் நாதர் வீட்டுக்கு வரும்போது அப்பா கட்டிலோடு கட்டப்பட்டுக் கீழே கிடக்கிறார், ராசியேவைக் காணவில்லை, அலமாரியில் பணமும் குறைகிறது. அவள் திரும்பி வந்ததும் சண்டை முற்றி, அவளை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். வயிற்றில் இருந்த குழந்தை இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. கொலை வழக்கு.

கதவுக்கு அந்தப் பக்கம், மாடிப்படியில் நடந்ததை நாம் பார்க்கவில்லை. அவள் கர்ப்பிணி என்பது அவனுக்கு முன்பே தெரியுமா என்பதும் நமக்கு உறுதியில்லை. வழக்குக்குத் தேவையான முக்கியமான இரண்டு தருணங்களையும் மறைத்துவிட்டு நம்மை நீதிபதியாக உட்கார வைத்திருக்கிறார் இயக்குநர். மோசடி என்று சொல்லலாம். ஆனால் உண்மையான நீதிமன்றங்களில் உட்கார்ந்திருப்பவர்களின் நிலைமையும் இதுதானே.

இரண்டாம் முறை பார்ப்பவருக்கு இந்தப் படம் அள்ளிக் கொடுக்கிறது. காணாமல்போன பணத்தின் கதை தொடக்கக் காட்சிகளிலேயே, பியானோ இறக்கும் கூலியாட்களின் பேரத்துக்கு நடுவே, நம் கண் முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது. முதல் முறை யாரும் கவனிப்பதில்லை. வேலைக்காரப் பெண்ணின் குழந்தை கிழவரின் ஆக்சிஜன் குழாய்த் திருகைத் திருகி விளையாடும் காட்சியில் முதல் முறை பதறுவோம். இரண்டாம் முறை, அந்தக் குழந்தையை அங்கே தனியாக விளையாட விட்ட நிலைமை கண்ணில் படும். பெட்ரோல் நிலையத்தில் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கிவரும்படி மகளைத் திருப்பி அனுப்புகிறான் நாதர். நல்ல அப்பா என்று தோன்றும். நியாயத்தில் அவ்வளவு கறாரான மனிதன் தன் விஷயத்தில் எப்படி நடந்துகொள்கிறான் என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே மகள்தான். அவளாக நடித்தவர் இயக்குநரின் மகள் சரினா ஃபர்ஹாதி. பெர்லினில் நடிகைகள் குழுவுக்கும் நடிகர்கள் குழுவுக்கும் மொத்தமாகவே வெள்ளிக் கரடி கொடுத்தார்கள். பார்த்தால் ஏனென்று புரியும். யாரையும் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

செலவைச் சொல்லவேண்டும். எல்லோரும் பேசுகிறார்கள், வேகமாகப் பேசுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசுகிறார்கள். சப்டைட்டிலை ஒரு வரி விட்டால் வழக்கின் ஒரு சாட்சியம் போய்விடும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பார்க்கக்கூடிய படம் இல்லை. பின்னணி இசை ஏறக்குறைய இல்லை என்பதால் எங்கே வருந்தவேண்டும் என்று யாரும் கைகாட்ட மாட்டார்கள். கருக்கலைவின் துயரத்தை அனுபவித்தவர்கள் யோசித்துவிட்டுப் பார்ப்பது நல்லது. இன்னொரு சின்னக் குழப்பம்: வீட்டுக்குள்ளேயும் பெண்கள் தலையை மூடியிருப்பது நம் கண்ணுக்கு விநோதமாகப் படும். அது ஈரானின் தணிக்கை விதி. திரையில் பெண்ணின் தலைமுடி தெரியக்கூடாது. அந்த விதிக்குள்ளேயே சிமினின் நழுவும் முக்காட்டுக்கும் ராசியேவின் கறுப்பு சாதருக்கும் (தலை முதல் கால் வரை மூடும் துணி) இடையில் ஒரு வர்க்க இடைவெளியைக் காட்டியிருப்பது தனிச் சாமர்த்தியம்.

யாருக்கு? வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, வெளிநாடு போவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு நடப்பவர்களுக்கு, வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க விரும்புபவர்களுக்கு. படம் முடிந்ததும் வீட்டுக்குள் இரண்டு கட்சி உருவாகும். இரவுச் சாப்பாடு தாமதமாகும்.

## பாரசைட்: படிக்கட்டு

இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் கதையைத் தொட வேண்டியதில்லை. பாதி நிலத்துக்குள் புதைந்த வீட்டில் வாழும் கிம் குடும்பம், ஒவ்வொருவராகப் பொய் சொல்லி, மேட்டுப் பகுதியில் வசிக்கும் பணக்கார பார்க் குடும்பத்தில் வேலைக்குச் சேர்கிறது. இதற்கு மேல் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளாமல் பார்ப்பதே நல்லது.

இதே கரு எங்களிடம் முன்பே இருந்தது என்று 2020-இல் தமிழ்நாட்டில் ஒரு சலசலப்பு எழுந்தது. 1999-இல் வந்த ‘மின்சார கண்ணா’வைச் சுட்டினார்கள். அதிலும் ஒரு குடும்பம் உறவை மறைத்துக்கொண்டு பணக்கார வீட்டில் வேலைக்குச் சேர்கிறது என்பது உண்மைதான். ஆனால் இந்த ஒற்றுமை என் முதல் அளவுகோலுக்குத்தான் சாட்சி. அங்கே காதல் கைகூடவேண்டும் என்று நாம் நாயகனோடு நிற்கிறோம். நின்ற இடத்திலிருந்து கடைசிவரை நகர்வதில்லை. இங்கே நம்மைப் படிக்கட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். மேலேயும் போகமுடியவில்லை, கீழேயும் ஒட்டமுடியவில்லை.

முதல் ஒரு மணி நேரம் கிம் குடும்பத்தின் தந்திரங்கள் பலிக்கவேண்டும் என்று நாமே விரும்பிச் சிரிக்கிறோம். அவர்களால் வேலை இழப்பவர்களும் ஏழைகள் என்பது அப்போது நம் நினைவுக்கு வருவதில்லை. ஒரு மழை இரவில் அழைப்பு மணி அடிக்கிறது. அதன்பின் நாம் சிரித்த சிரிப்புக்கெல்லாம் கணக்குக் கேட்கிறது படம். அதே மழையில் கிம் குடும்பம் மேட்டிலிருந்து தன் வீட்டுக்கு இறங்குகிறது. படி, சுரங்கப்பாதை, சரிவு, மறுபடி படி. நகரத்தின் வரைபடத்தை வசனமே இல்லாமல் கால்களால் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தப் பணக்கார வீடு படத்துக்காகவே கட்டப்பட்டது. எந்த நேரத்தில் வெயில் எப்படி விழும் என்று கணக்கிட்டுத் திறந்த வெளியில் கீழ்த்தளத்தையும் தோட்டத்தையும் அமைத்தார்கள். வெள்ளம் புகும் ஏழைத் தெருவைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் கட்டினார்கள். மேலே கண்ணாடிச் சுவர் முழுக்கப் புல்வெளி. கீழே தெருவின் கால்மட்டத்தில் ஒரு சன்னல், அதன் எதிரே குடிகாரர்கள் சிறுநீர் கழிக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் இரண்டு சன்னல். இது போதும்.

அந்த அரைத்தள வீடுகள் கற்பனை இல்லை. வடகொரியாவுடனான பதற்றத்தால் 1970-இல் கட்டட விதிகளில் பதுங்குமிடத் தளம் சேர்க்கப்பட்டது. வீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது அந்தத் தளங்களிலேயே மக்கள் குடியேறினார்கள். படம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டு வெள்ளத்தில் சியோலில் அத்தகைய ஒரு வீட்டில் சிக்கி ஒரே குடும்பத்தில் மூவர் இறந்தார்கள். இவ்வகை வீடுகளுக்கு இனி அனுமதியில்லை என்று மாநகராட்சி அறிவித்தது அதன்பிறகுதான்.

எனக்குப் பிடித்த துணிச்சல் வேறு. சினிமாவால் காட்டவே முடியாத ஒன்றை, வாசனையை, படத்தின் அச்சாணியாக்கியிருக்கிறார் போங். எவ்வளவு நல்ல உடை உடுத்தினாலும் அந்த வீட்டின் வாசனை போவதில்லை. முதலாளி மூக்கைச் சுளிப்பது ஒரு கணம்தான். அதைப் பார்க்கும் ஓட்டுநரின், அதாவது கிம் குடும்பத்து அப்பாவின், முகத்தில் (சோங் காங்-ஹோ) எதுவுமே அசைவதில்லை. அந்த அசையாத முகம்தான் பயமுறுத்துகிறது.

மறைந்த செலவு இங்கே வேறு வகை. சோபாவில் ஒரு நெருக்கமான காட்சி இருக்கிறது. யாருடன் உட்காருகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் ரத்தம் உண்டு. ஆனால் நான் அதிகம் கவலைப்படும் செலவு வேறு. இதன் வேகமும் திருப்பங்களும் முதல் படமாகப் பார்ப்பவரின் நாக்கைக் கெடுத்துவிடுகின்றன. உலகப் படம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பி அடுத்ததாக ‘ரோமா’வைப் போடுபவர் இருபதாவது நிமிடத்தில் தூங்கிவிடுவார். எல்லோரும் ‘பாரசைட்’டில் தொடங்கச் சொல்வதும், தொடங்கியவர்களில் பலர் அதோடு நின்றுவிடுவதும் தொடர்புள்ள விஷயங்கள் என்றே நினைக்கிறேன்.

யாருக்கு? சப்டைட்டில் என்றாலே முகம் சுளிப்பவருக்கு. அவருக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை. பத்து நிமிடத்தில் எழுத்தைப் படிக்கிறோம் என்பதையே மறந்துவிடுவார். பிள்ளைகள் கல்லூரி வயதுக்கு வந்துவிட்ட வீடுகளுக்கும் பொருந்தும்.

## ஷாப்லிஃப்டர்ஸ்: பாயின் ஓரம்

ஜன்னல்களெல்லாம் பெரிய கட்டடங்களால் அடைபட்ட ஒரு குட்டி வீடு. பாட்டி, அவளுடைய ஓய்வூதியம், அதை நம்பி இருக்கும் நான்கு பேர். அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். அம்மா சலவை நிலையத்தில். பற்றாக்குறைக்கு அப்பாவும் பையனும் கடைகளில் திருடுகிறார்கள். கடையில் இருக்கும் பொருள் இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை என்பது அப்பா சொல்லிக்கொடுத்த நியாயம். குளிர் இரவு ஒன்றில், பால்கனியில் தனியாக விடப்பட்ட ஒரு சிறுமியைக் கண்டு வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். அவள் கையில் சூட்டுத் தழும்புகள். அவளும் தங்கிவிடுகிறாள்.

நம் இடம் அந்த வீட்டுக்குள், தரையில், ஆறாவது ஆளுக்குப் பக்கத்தில். ஒன்றரை மணி நேரம் அவர்களோடு சாப்பிட்டு, மழையில் நனைந்து, கடலுக்குப் போய் வந்த பிறகுதான் யார் யாருக்கு என்ன உறவு என்ற தகவல்கள் வருகின்றன. அவை காவல்துறையின் வாயிலிருந்து, சரியான சட்டச் சொற்களில் வருகின்றன. ஒரு சொல் கூடப் பொய் இல்லை. இருந்தும் அதை மறுத்துப் பேசத் தோன்றுகிறது. இந்த வரிசையை மாற்றி, தகவலை முதலில் சொல்லியிருந்தால் இது வெறும் குற்றச் செய்தி. இறந்துபோன பெற்றோரின் ஓய்வூதியத்தைத் தொடர்ந்து வாங்கிய குடும்பங்களைப் பற்றிய செய்திகளிலிருந்துதான் கோரே-எடா இந்தக் கதைக்கு வந்தார்.

இரண்டு இடங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. வாணவேடிக்கை நடக்கும் இரவில் குடும்பம் முழுவதும் வாசலில் கூடி அண்ணாந்து பார்க்கிறது. கட்டடங்கள் மறைப்பதால் வெளிச்சம் தெரியாது, சத்தம் மட்டும்தான். கேமராவும் மேலிருந்து அவர்கள் முகங்களைத்தான் காட்டுகிறது. இன்னொன்று, விசாரணை அறையில், அம்மாவாக நடித்த சகுரா ஆண்டோ கண்ணீரைத் துடைத்துக்கொள்ளும் விதம். அழுகையை நடிப்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். இவர் உள்ளங்கையால் முகம் முழுவதையும் அழுத்தி வழித்துக்கொண்டே இருக்கிறார். குழந்தை நடிகர்களுக்குத் திரைக்கதைப் பிரதியைக் கொடுக்காமல், படப்பிடிப்பில் வாய்மொழியாக வசனம் சொல்லித் தருவது கோரே-எடாவின் வழக்கம். சிறுவனும் சிறுமியும் ஒப்பிப்பது போல ஓர் இடத்திலும் தோன்றாததற்கு அதுவே காரணம். பாட்டியாக நடித்த கிரின் கிகி, படம் கானில் வென்ற அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

செலவு: முதல் ஒரு மணி நேரத்தில் கதை நகர்வதாகவே தெரியாது. வீட்டின் இளம்பெண் பார்க்கும் வேலை, கணவன் மனைவியின் ஒரு மழைநாள் நெருக்கம் இரண்டும் பெரியவர்கள் முன்னிலையில் கூச்சம் தரும். சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு அந்தச் சிறுமியின் தழும்புகள் படம் முடிந்தும் போகாது. பெரிய திரை அவசியமில்லை. இது கை நீட்டினால் தொடும் தூரத்தில் நடக்கும் படம்.

யாருக்கு? தனியாகவோ இருவராகவோ பார்ப்பவர்களுக்கு. தத்தெடுப்பு, வளர்ப்பு, இரத்த உறவு பற்றி வீட்டில் பேசமுடியாமல் இருப்பவர்களுக்கு இது பேச்சைத் தொடங்கிக் கொடுக்கும்.

## ரோமா: அறையின் நடுவே, எட்டி நின்று

மெக்சிகோ நகரத்தின் ரோமா பகுதி, 1970-71. நடுத்தரக் குடும்பம் ஒன்றில் வேலை செய்யும், மெக்சிகோவின் பூர்வகுடிகளில் ஒன்றான மிஷ்டெக் இனப் பெண் கிளியோ. கறுப்பு வெள்ளைப் படம். குவாரோன் தன்னை வளர்த்த லிபோ என்ற பணிப்பெண்ணுக்கு இதைச் சமர்ப்பித்திருக்கிறார், ஒளிப்பதிவும் அவரே. கிளியோவாக நடித்த யலிட்சா அபரிசியோ அதற்குமுன் நடித்தவரே அல்லர். ஆசிரியப் பயிற்சி முடித்தவர்.

கேமரா அறையின் நடுவில் நின்று மெதுவாகத் திரும்புகிறது. கிளியோ இரவில் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவருவதைச் சும்மா பின்தொடர்கிறது. அவள் முகத்துக்கு அருகில் போக மறுக்கிறது. இதைச் சில விமர்சகர்கள் குறையாகச் சொன்னார்கள்: அவள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று நமக்குக் கடைசிவரை தெரிவதில்லை, பேசாத புனிதையாக்கிவிட்டார் என்று. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. தன்னைத் தூக்கி வளர்த்தவளின் மனத்துக்குள் என்ன இருந்தது என்று முதலாளி வீட்டுப் பையனுக்கு அப்போதும் தெரியவில்லை. இப்போது தெரிந்ததுபோல் நடித்திருந்தால் அதுதான் பொய்.

மரச்சாமான் கடையில் தொட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேமரா மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்புகிறது. கீழே தெருவில் மாணவர்களை அடித்துக் கொல்கிறார்கள். 1971 ஜூன் 10-இல் உண்மையாகவே நடந்த படுகொலை அது. அதே மெதுவான திரும்பல். வரலாறு என்று தனியாக மேளம் எதுவும் கொட்டப்படுவதில்லை.

செலவில் முதலிடம் இதற்குத்தான். நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட படம். ஆனால் வீட்டுத் திரைக்காக எடுத்ததே அல்ல. பின்னணி இசை கிடையாது. பதிலாகத் தெரு வியாபாரிகளின் குரல், நாய்கள், விமானங்கள், அலை என்று ஒலி நாலா பக்கமும் அடுக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசியில் பார்த்தால் நீங்கள் பார்த்தது ‘ரோமா’ அல்ல. தொடக்கத்தில் வாசலைக் கழுவுவதும் துணி துவைப்பதும் அகலமான காரைக் குறுகிய நடைக்குள் திணிப்பதுமே நிகழ்ச்சிகள். பிறகு வரும் மருத்துவமனைக் காட்சி வெட்டே இல்லாமல் நீள்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைச் சொல்வதில்லை. அதற்கப்பால், கதை முழுதும் தெரிந்திருந்தாலும் ஒன்றும் குறையாத படம் நான்கில் இது ஒன்றே.

## எதை முதலில்?

இந்த ஞாயிறு ஒரே படம்தான், வீட்டில் எல்லோரும் இருப்பார்கள் என்றால் ‘எ செபரேஷன்’. தொலைக்காட்சியின் அளவு முக்கியமில்லை, முகம் திருப்ப வேண்டிய காட்சி இல்லை, கதையில் ஒரு வழக்கு இருப்பதால் பொறுமையற்றவரும் எழுந்து போகமாட்டார். ஒரே நிபந்தனை, எல்லோருக்கும் சப்டைட்டிலை வேகமாகப் படிக்க வரவேண்டும். அது சிரமம் என்கிற பெரியவர்கள் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிக்கொண்டே வரமுடிகிற படம் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’; கூச்சத்துக்குரிய காட்சிகளை மட்டும் முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

உலகப் படம் என்றாலே சலிப்பு என்று வாதாடும் நண்பரை வழிக்குக் கொண்டுவரவேண்டும் என்றால் ‘பாரசைட்’. ஏற்கெனவே கதை தெரிந்துவிட்டவர்கள் அதைக் கடைசிக்குத் தள்ளி, படிக்கட்டுகளையும் ஜன்னல்களையும் மட்டும் கவனித்துப் பார்க்கலாம்.

‘ரோமா’வை முதலில் பார்க்க வேண்டியவர்கள் ஒரு வகையினர்தான்: நல்ல திரையோ ப்ரொஜெக்டரோ இருக்கும் வீடு, தடையில்லாத இரவு, கைப்பேசியை அடுத்த அறையில் வைக்கும் மனம். மற்றவர்கள், ஊரில் எங்காவது திரைப்பட விழாவிலோ திரைப்படச் சங்கத்திலோ அதைத் திரையிடும்வரை காத்திருப்பது நல்லது. ‘பாரசைட்’ பார்த்த மறுநாள் மட்டும் அதைப் போடாதீர்கள். இடையில் ‘ஷாப்லிஃப்டர்ஸ்’ வரட்டும்.